ஆந்தையாக மாறும் கிழவிகள்

(நம் குடியிருப்பின் மூத்தோர் வட்ட மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன இரண்டொரு விவரங்களை இதில் சேர்த்திருக்கிறேன்.)



வங்கியில் வேலை பார்த்தவள் என்பதால் நான் வட்டி விகிதத்தைப் பற்றியோ நாமினி போடுவதைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆந்தை என்று தலைப்புக் கொடுத்ததும் செயலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் பார்த்தார் என்பது சி பிளாக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் போகப் போகத் தெரியும். முதலில் ரோமாபுரிக்குப் போவோம்.

ரோமானியர்களின் பண்டிகை நாட்களை மாதவாரியாகச் சொல்லும் 'ஃபாஸ்தி' என்ற நூலை ஓவிட் என்ற கவிஞர் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதினார். பஞ்சாங்கத்தையும் புராணத்தையும் சேர்த்துச் செய்யுளாக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நூல். அதில் ஜூன் முதல் தேதிக்கு ஒரு கதை வருகிறது. ப்ரோகா என்று ஓர் அரசகுமாரன், பிறந்து ஐந்தே நாள். இரவில் தொட்டிலில் கிடக்கிறான். பெரிய தலை, நிலைகுத்திய கண், வளைந்த அலகு, கொக்கி நகம் கொண்ட பறவைகள் உள்ளே நுழைந்து குழந்தையின் ரத்தத்தை உறிஞ்சுகின்றன. அழுகை கேட்டுத் தாதி ஓடி வருகிறாள். கன்னத்தில் நகக்கீறல். குழந்தைக்கு நிறமே போய்விட்டது.

தேவதை ஒருத்தியை அழைக்கிறார்கள். அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். வாசல் நிலையை இலையால் மூன்று தடவை தொடுகிறாள். வாசற்படியில் தண்ணீர் தெளிக்கிறாள். ஒரு பன்றிக்குட்டியின் குடலைக் கையில் ஏந்தி, குழந்தையை விட்டுவிட்டு அதற்குப் பதில் இதை எடுத்துக்கொள்ளும்படி அந்தப் பறவைகளிடம் சொல்லி, வெட்டவெளியில் கொண்டுபோய் வைக்கிறாள். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கட்டளை. பிறகு ஜன்னலில் ஒரு முள்குச்சியை வைக்கிறாள். குழந்தைக்கு நிறம் திரும்புகிறது.

இதைப் படித்தபோது ரோமாபுரி என் கண்ணுக்குத் தெரியவில்லை. கழிப்புக் கழித்து முச்சந்தியில் வைத்துவிட்டு, "திரும்பிப் பார்க்காம வா" என்று கையைப் பிடித்து இழுத்துவரும் பாட்டிதான் தெரிந்தாள்.

அந்தப் பறவைக்கு ரோமானியர் வைத்த பெயர் 'ஸ்ட்ரிக்ஸ்'. இரவில் கீச்சிட்டு அலறுவதால் வந்த பெயர். அவை பிறவியிலேயே பறவைகளா, இல்லை மந்திரத்தால் பறவையான கிழவிகளா என்று கேட்டால், ஓவிட் இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவருக்குப் பின் வந்த ப்ளினி, இயற்கையைப் பற்றி 37 புத்தகங்கள் எழுதிய மனிதர், இன்னும் நேர்மையானவர். ஸ்ட்ரிக்ஸ் என்பது பழங்காலத்திலிருந்தே ஒரு வசைச்சொல், ஆனால் அது எந்தப் பறவை என்பது தெளிவாக இல்லை என்று எழுதியிருக்கிறார். எந்தப் பறவை என்று தெரியாது, ஆனால் திட்டுவதற்கு உதவும்!

அந்த ஒரு சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். இத்தாலியில் சூனியக்காரிக்கு 'ஸ்ட்ரேகா' என்று பெயர். ருமேனியாவில் 'ஸ்ட்ரிகோய்' என்றால் ரத்தம் குடிக்கும் பேய். அல்பேனியாவில் 'ஷ்ட்ரிகா' குழந்தைகளின் ரத்தம் குடிக்கும் கிழவி. விலங்கியல் புத்தகத்தில் ஆந்தைக் குடும்பத்தின் பெயர் 'ஸ்ட்ரிஜிடே'. பறவைக்கும் கிழவிக்கும் ஒரே பெயர்தான்.

நடுவில் ஒரு சிரிப்புக் கதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நூற்றாண்டில் அப்புலேயஸ் எழுதிய 'பொற்கழுதை' என்ற கதை. கிரேக்க நாட்டில் தெஸ்ஸலி என்ற பகுதி மந்திரவாதிகளுக்குப் பேர்போனது. அங்கே பாம்ஃபிலி என்ற வீட்டுக்காரி இரவில் ஒரு சிமிழைத் திறந்து தைலத்தை உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பூசிக்கொள்கிறாள். இறகு முளைக்கிறது, மூக்கு வளைகிறது, ஆந்தையாகிப் பறந்துவிடுகிறாள். கதவிடுக்கு வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளிக்குத் தானும் பறக்க ஆசை. வேலைக்காரப் பெண் அவசரத்தில் வேறு சிமிழை எடுத்து வந்துவிடுகிறாள். அவன் கழுதையாகிவிடுகிறான். மறுபடி மனிதனாக ரோஜாப்பூவைத் தின்ன வேண்டும். அது கிடைப்பதற்குள் அவன் படும் பாடுதான் மீதிக் கதை. ஆந்தையாக மாறுபவளை வைத்துச் சிரிக்க முடிந்த காலமும் இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் இதே ஸ்ட்ரிக்ஸ் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. எனக்கு ஆச்சரியமாக இருந்த இடம் இதுதான். 643-ஆம் ஆண்டு, இத்தாலியை ஆண்ட லொம்பார்டு அரசர் ரோத்தரி ஒரு சட்டத் தொகுப்பு வெளியிட்டார். அதில் ஒரு பிரிவு: அடுத்தவர் வீட்டுப் பணிப்பெண்ணை 'ஸ்ட்ரிகா' என்று சொல்லி யாரும் கொல்லக் கூடாது. ஒரு பெண் உயிருள்ள மனிதனை உள்ளிருந்து தின்றுவிட முடியும் என்று கிறிஸ்தவ மனம் நம்பக் கூடாது. அதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பின் பேரரசர் சார்லமேன், தான் வென்ற சாக்ஸனி நாட்டுக்கு விதித்த சட்டம் இன்னும் கடுமை. யாரையாவது ஆள் தின்னும் ஸ்ட்ரிகா என்று நம்பி எரித்தால், எரித்தவனுக்கு மரண தண்டனை.

சூனியக்காரிக்குத் தண்டனை இல்லை, சூனியக்காரி என்று சொல்லிக் கொன்றவனுக்குத் தண்டனை. இருண்ட காலம் என்று நாம் பள்ளியில் படித்த காலத்தில் இது இருந்திருக்கிறது. மறுமலர்ச்சிக் காலம் என்று புகழ்கிறோமே, அப்போது என்ன நடந்தது? வட இத்தாலியில் மிராண்டோலா என்ற சிற்றூரில் சிலரைச் சூனியக்காரர்கள் என்று எரித்தார்கள். அதை நியாயப்படுத்தி அந்த ஊர்ப் பிரபுவே 1523-இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். நூலின் பெயர் 'ஸ்ட்ரிக்ஸ்'. காலம் போகப் போக மனிதனுக்குத் தெளிவு வரும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

சரி, கடலைத் தாண்டுவோம். ரோமானியரைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகளிடம் என்ன கதை இருந்தது? ஜேம்ஸ் மூனி என்பவர் செரோக்கி மக்களோடு பழகி அவர்கள் கதைகளைத் தொகுத்து 1900-இல் வெளியிட்டார். செரோக்கி மொழியில் கொம்பு ஆந்தைக்கும் சூனியம் செய்பவருக்கும் ஒரே சொல். மெக்சிகோவில் அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் தீய மந்திரவாதிக்குப் பெயர் 'த்லாகதெகொலோட்ல்'. என் வாயில் சரியாக நுழையவில்லை, மன்னிக்கவும். பிரித்தால் 'மனித ஆந்தை'. ஸ்பெயினிலிருந்து வந்த பாதிரியார்கள் சாத்தானை அந்த மக்களுக்குப் புரியவைக்க இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

மெக்சிகோவிலும் அதை ஒட்டிய டெக்சாஸ் பகுதியிலும் இன்றும் பாட்டிமார்கள் சொல்லும் கதை 'லெச்சூசா'. ஆந்தை உடம்பு, கிழவி முகம். நள்ளிரவில் வாசலுக்கு வெளியே கைக்குழந்தை அழுவது போல அழும். பாவம் என்று கதவைத் திறந்தால் தீர்ந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தால் அண்டாது, உப்பு தூவினால் போய்விடும் என்று பல பரிகாரங்கள். அதில் அடிக்கடி வரும் ஒரு முடிவு உண்டு. யாரோ ஒருவர் ஆந்தையைச் சுட்டுவிடுகிறார். அது நொண்டிக்கொண்டே மறைகிறது. மறுநாள் காலையில் ஊர்க்கோடியில் ஒரு கிழவி காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த முடிவு லெச்சூசாவுக்கு மட்டும் சொந்தமல்ல. ஐரோப்பாவில் பூனையாக மாறுகிறவள், முயலாக மாறுகிறவள், ஓநாயாக மாறுகிறவன் என்று எல்லோர் கதையிலும் வருகிறது. இரவில் மிருகத்தின் மேல் பட்ட அடி பகலில் மனிதர் உடம்பில் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அறுபதைத் தாண்டியவர்களில் காலில் கட்டோ முட்டியில் பட்டையோ இல்லாதவர் யார்? இந்த ஹாலிலேயே தேடினால் பத்து லெச்சூசா கிடைக்கும்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டு மப்புச்சே மக்களிடம் இதைவிட விசித்திரமான கதை. சூனியக்காரனின் தலை மட்டும் கழுத்திலிருந்து கழன்று, காதுகளையே இறக்கையாக அடித்துக்கொண்டு இரவில் பறக்கும். 'துவே துவே' என்று கத்தும். அந்தக் குரல் வீட்டுக்கு மேலே கேட்டால், "நாளைக்கு வா, உப்புத் தருகிறேன்" என்று உள்ளிருந்து சொல்ல வேண்டும். போய்விடும். இதைக் கேட்டதும் கர்நாடகத்தில் ஒரு காலத்தில் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதி வைத்தது சிலருக்கு ஞாபகம் வரும். ஆனால் சிலிக் கதைக்கு ஒரு மறுநாள் உண்டு. காலையில் உங்கள் வாசலுக்கு யார் முதலில் உப்புக் கேட்டு வருகிறாரோ, அவர்தான் இரவில் பறந்தவர்.

காலங்காத்தாலே பக்கத்து வீட்டுக்கு உப்புக் கடன் கேட்டு யார் வருவார்? கடைக்குப் போக ஆள் இல்லாதவர். கையில் காசு இல்லாதவர். அவ்வளவுதான்.

இப்போது சீனா. இந்தப் பேச்சில் நான் சொல்ல விரும்பிய முக்கியமான கதை இது. சீனர்களின் பழைய நூல்களில் 'கூஹுவோ' என்று ஒரு பறவை வருகிறது. ஆந்தை என்று நூல் சொல்லவில்லை, இரவில் பறப்பது என்கிறது. இறகுகளை அணிந்துகொண்டால் பறவை, கழற்றிவிட்டால் பெண். பிரசவத்தில் இறந்த பெண்கள் இப்படி ஆகிறார்கள் என்றும், தனக்குக் குழந்தை இல்லாததால் மற்றவர் குழந்தையை எடுத்துப்போக அலைகிறாள் என்றும் கதை. எந்தக் குழந்தை என்று எப்படிக் குறித்துவைப்பாள்? இரவில் வெளியே காயும் குழந்தைத் துணியின்மேல் ஒரு துளி ரத்தம் சொட்டிவிட்டுப் போவாள். அந்தத் துணியைப் போட்ட குழந்தைக்கு வலிப்பு வரும், மெலிந்துபோகும். அதனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரவில் துணியை வெளியே விடக் கூடாது. லீ ஷிஜென் என்ற பெரிய வைத்தியர் 1596-இல் வெளியான தம் மருந்து நூலிலேயே இந்தப் பறவைக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சலசலப்பு வந்தது. எதிர்பார்த்ததுதான். என் மாமியார் மாலை ஆறு மணிக்குமேல் கொடியில் குழந்தைத் துணி கிடந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவார். பட்சி தோஷம்! துணியின்மேல் பறவை பறந்தால், அதன் நிழல் பட்டால், குழந்தை பால் குடிக்காது, உச்சி குழி விழும், பச்சையாகப் பேதி போகும். சீனத்து வைத்தியரும் என் மாமியாரும் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு கதை ஊர் விட்டு ஊர் பயணம் போய்ப் பரவியது என்று சொல்பவர்கள் உண்டு. சில கதைகள் அப்படிப் போயிருக்கும். ஆனால் ரோமாபுரி, சிலி, சீனா, நம் ஊர் என்று இத்தனை இடத்திலும் ஒரே பறவையும் ஒரே கைக்குழந்தையும் இருப்பதற்குப் பயணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். எல்லா ஊரிலும் பச்சிளங்குழந்தைகள் செத்தார்கள். அதுதான் காரணம். நேற்றுவரை பால் குடித்த குழந்தை இன்று வாயைத் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போகிறது. தொப்புள்கொடி அறுத்த கத்தி வழியாக வந்த டெட்டனஸ் என்று யாருக்குத் தெரியும்? பிறந்த சில நாட்களில், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வரும் நோய் அது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டு, பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் குறைந்தது. இந்தியாவில் அது ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது 2015-இல். நேற்று நடந்தது மாதிரி.

வங்கியில் நாள் முடிவில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், அந்த வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். எங்கே தவறு என்று தெரியாது, ஆனால் லெட்ஜரை மூட வேண்டும். ஆந்தைக் கிழவி உலகத்தின் சஸ்பென்ஸ் கணக்கு. புரியாத சாவுகளையெல்லாம் அவள் பெயரில் போட்டு அன்றைய கணக்கை மூடினார்கள். வங்கியிலாவது ஒன்று உண்டு. சஸ்பென்ஸில் போட்ட தொகையைத் தேடிக் கண்டுபிடித்து உரிய கணக்குக்கு மாற்றும்வரை ஆடிட்டர் விடமாட்டார். டெட்டனஸ் என்று கண்டுபிடித்த பிறகு, அந்தக் கிழவிகளின் பெயரில் போட்ட பற்றை யாரும் திருப்பி எழுதவில்லை.

இது எங்கோ எப்போதோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ என்று ஒரு அம்மா இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் நோயில் படுத்ததற்கு இவர்தான் 'டாயன்', சூனியக்காரி, என்று 1995-இல் ஊரே சேர்ந்து கொடுமைப்படுத்தித் துரத்தியது. அவர் ஓடி ஒளியாமல், அதுபோலப் பழி சுமத்தப்பட்ட பெண்களைக் காப்பாற்றுவதையே வேலையாக எடுத்துக்கொண்டார். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ஆண்டு அசாமின் பிருபாலா ராபாவுக்கும் இதே பணிக்காகப் பத்மஸ்ரீ. இப்படிப் பழி சுமத்துவதற்கு எதிராக பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் எல்லாம் தனிச் சட்டமே போட்டிருக்கின்றன. லொம்பார்டு அரசர் 643-இல் போட்ட சட்டத்தை நாம் இப்போதும் போட வேண்டியிருக்கிறது.

எல்லாக் கதையும் கிழவியைக் குற்றவாளியாக்குவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் சிங்களக் கிராமங்களில் 'உலமா' என்ற பறவையின் கதை உண்டு. மனைவிமேல் சந்தேகப்பட்ட ஒருவன், குழந்தை தன்னுடையதில்லை என்று நினைத்து அதைக் கொன்று, கறி சமைத்து, வெளியே போய்த் திரும்பிய அவளுக்கே பரிமாறினான். சாப்பிடும்போது குழம்பில் ஒரு சின்ன விரல் அவள் கையில் தட்டுப்பட்டது. அலறிக்கொண்டே காட்டுக்குள் ஓடியவள் பறவையானாள். அந்தப் பறவை இன்றும் காட்டுக்குள் பெண் குரலில் கதறுகிறது என்பார்கள். காட்டில் வாழும் ஒரு பெரிய ஆந்தையின் குரல்தான் அது என்று பறவையியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். குரல் கேட்டால் கெட்டது நடக்கும் என்று அங்கேயும் பயப்படுகிறார்கள். ஆனால் அந்தக் கதையில் பயப்பட வேண்டியது யாரைப் பார்த்து? ஆந்தையைப் பார்த்தா?

இன்னொன்று, மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் கிச்சே மாயா மக்களின் புனித நூலான 'பொப்போல் வூ'. பாதாள உலகத்து யமன்களுக்கு நான்கு ஆந்தைகள் தூதர்கள். அந்த யமன்களில் ஒருவனின் மகள் கல்யாணமாகாமல் கருவுற்றுவிடுகிறாள். பெயர் சொல்ல மறுக்கிறாள். உண்மையில் ஒரு மாயத்தால் உண்டான கரு. அவளைக் கொன்று நெஞ்சை ஒரு குடுவையில் கொண்டுவரும்படி தகப்பன் ஆந்தைகளை அனுப்புகிறான். வழியில் அவள் பேசுகிறாள். ஆந்தைகள் கேட்கின்றன. கேட்டு, மனம் மாறுகின்றன. ஒரு மரத்தைக் கீறினால் ரத்தம் போலச் சிவந்த பால் வடிந்து இறுகுகிறது. அதைக் குடுவையில் ஏந்தி, இதோ நெஞ்சு என்று யமன்களிடம் கொடுத்து ஏமாற்றிவிட்டு, அவளைப் பூமிக்கு வழிகாட்டி அனுப்பிவிடுகின்றன. அவள் பெற்ற இரட்டைப் பிள்ளைகள் பிற்பாடு அந்த யமன்களையே வெல்கிறார்கள். உலகத்து ஆந்தைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஊர் முழுக்கக் கைவிட்ட ஒரு பெண்ணின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது அந்தப் பறவைகள்தான்.

இனி பறவையைப் பற்றி. இவ்வளவு பழி சுமக்க அதனிடம் அப்படி என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. மற்றப் பறவைகளுக்குக் கண் பக்கவாட்டில், இதற்கு நம்மைப் போல முன்னால். கூகைக்கு இதய வடிவத்தில் வெள்ளை முகம். கண்ணை உருட்ட முடியாது, அதனால் தலையையே முக்கால் வட்டம் திருப்பும். இறகின் ஓரத்தில் சீப்பு போன்ற நுண்ணிய பல் இருப்பதால் பறக்கும் சத்தமே கேட்காது. வெள்ளையாக ஒன்று சத்தமில்லாமல் தலைக்கு மேலே போனால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். கூகை குமுறாது, கிறீச்சென்று அலறும். குஞ்சுகள் பசியில் விடும் சத்தம் யாரோ ஆள் குறட்டை விடுவது போலவே இருக்கும். ஊரில் சாக்குருவி என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

ஆனால் நம் முன்னோர் அதைப் பார்த்துப் பயந்து மட்டும் இருக்கவில்லை. நற்றிணையில் ஒரு தோழி, ஊர் முகப்பில் பெரிய மரத்தில் இருக்கும் கூகையிடம் பேரம் பேசுகிறாள். தலைவன் வரும் நேரத்தில் கத்தி ஊரை எழுப்பாமல் இருந்தால், நெய்ச் சோறும் எலிக்கறியும் தருவதாகச் சொல்கிறாள். அந்தக் காலத்திலேயே கூகைக்குப் பிடித்தது எலி என்று தெரிந்திருக்கிறது பாருங்கள். மலாய் மொழியில் ஆந்தைக்குப் பெயரே 'புருங் ஹந்து', பேய்ப்பறவை. அதே மலேசியாவில், நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்டங்களில், செம்பனைக் குலைகளை எலி தின்று தீர்த்ததால் கம்பம் நட்டு, அதன்மேல் பெட்டி வைத்துக் கூகைகளை வருந்தி அழைத்துக் குடிவைக்கிறார்கள்.

இப்போது சி பிளாக்குக்கு வருகிறேன்.

லிஃப்ட் மெஷின் ரூமுக்கு மேலே, பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கூகை ஜோடி கூடு வைத்திருக்கிறது. குஞ்சு பொரித்துவிட்டது. மூன்று குஞ்சு என்று எலெக்ட்ரீஷியன் தம்பி சொல்கிறார். இரவில் வரும் குறட்டைச் சத்தம் அதுதான், வேறு எதுவும் இல்லை. ஆளைக் கூப்பிட்டுக் கலைத்துவிட வேண்டும் என்று சங்கத்துக்கு மனு வந்திருக்கிறது. ஆந்தைகள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. கூட்டைக் கலைப்பதும் குற்றம். சங்கம் அதைச் செய்தால் வழக்கு வருவது செயலாளர்மேல். அதனால்தான் அவர் என்னை அப்படிப் பார்த்தார்.

இரண்டாம் மாடிக் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறது. அந்தப் பாட்டியம்மா பயந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேத்தி படுத்தால் நானும் பயப்படுவேன். துணியை ஆறு மணிக்குள் எடுத்துவிடுங்கள், அதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது. பனி ஈரமாவது படாமல் இருக்கும். ஆனால் உச்சி குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, மந்திரிக்கப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். அந்தக் குழந்தையின் அம்மா அப்படித்தான் செய்தார். அதனால்தான் குழந்தை நலமாக வீடு திரும்பியது.

நான் பேச வந்தது அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி. மேல் மாடி அம்மாள் குடிவந்த பிறகுதான் கூகை வந்தது என்று ஒருவர் போட்டார். அவர் இரவில் மொட்டைமாடியில் தனியாக நிற்கிறார் என்று இன்னொருவர். அதற்குக் கீழே பதினோரு பேர் கை கூப்பிய படம் போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், கை பழகிய வேலை. கணவர் போய், பிள்ளைகள் வெளிநாட்டில், இரவில் தூக்கம் வராமல் கொஞ்சம் காற்றுக்கு மேலே போகிறவர் அவர். மூட்டு வலிக்கு முழங்காலில் பட்டை போட்டிருக்கிறார். போன வாரம் அவர் தயிருக்கு உறை கேட்டு ஒரு வீட்டுக்குப் போனபோது கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் எப்போதும் வந்து உட்காருகிறவர் இன்று ஏன் வரவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

குஞ்சுகள் இறகு முளைத்துப் பறந்துபோகப் பொரித்த நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அவை போன பிறகு, அந்த இடுக்குக்கு வலை அடிப்பதா வேண்டாமா என்று பொதுக்குழுவில் வாக்கெடுத்துக்கொள்ளலாம். பேஸ்மென்ட்டில் கார் ஒயரை எலி கடிப்பதாகப் புகார் கொடுத்தவர்களும் அன்று தவறாமல் வர வேண்டும். அதுவரை மெஷின் ரூம் சாவி செயலாளரிடம் இருக்கட்டும். படம் எடுக்கிறேன் என்று ஃப்ளாஷ் அடித்துக்கொண்டு யாரும் மேலே போக வேண்டாம்.

நாளை செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். கொஞ்சம் உறைதயிரும் எடுத்துப் போவேன். உடன் வர விருப்பமுள்ளவர்கள் சி பிளாக் லிஃப்ட் பக்கம் நில்லுங்கள். இரண்டு பேர் வந்தாலும் போதும். லிஃப்டில் ஆறு பேருக்குமேல் ஏற முடியாது. அதற்குமேல் வந்தால் முழங்கால் நன்றாக இருப்பவர்கள் படியேறி வரட்டும்.